கொல்லையா, மொட்டைமாடியா: துணி துவைக்கும் இடத்தை எங்கே அமைப்பது?

மதுரை வில்லாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் துவைக்கல் கிடக்கும் இடம் 4 அடி அகலமும் 6 அடி நீளமும் கொண்டது. அந்த இடத்தையே சீரமைத்து வாஷிங் மெஷினையும் அங்கு வைப்பதா, துணி காயும் மொட்டைமாடிக்கே எல்லாவற்றையும் கொண்டுபோவதா என்ற பேச்சு வீட்டில் இரண்டு மாதம் நடந்தது.

மாடியின் பக்கம் ஒரு வலுவான நியாயம் உண்டு. முழங்கால் வலியுள்ள அம்மா ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியதில்லை. துவைத்த கையோடு கொடியில் போட்டுவிடலாம். நானும் முதலில் மாடிக்குத்தான் சம்மதித்திருந்தேன். தண்ணீரைப் பற்றி யோசித்த பிறகுதான் மனம் மாறியது.

முன்பக்கம் கதவுள்ள இயந்திரங்கள் பலவற்றுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும். அதாவது, தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்தின் குழாய் வாயைவிட ஏறத்தாழ 10 அடி உயரத்தில் இருக்க வேண்டும். மாடியில் 4 அடி மேடைமேல் நிற்கும் தொட்டிக்குப் பக்கத்திலேயே இயந்திரத்தை வைத்தால் அந்த அழுத்தம் கிடைக்காது என்பதால், தனியாக ஒரு பிரஷர் பம்பு வாங்க நேரிடும். தரைத்தளக் கொல்லைக்கோ, இடையில் ஒரு மாடி உயரம் இருப்பதால், அதே தொட்டித் தண்ணீர் போதிய வேகத்துடன் இறங்கிவருகிறது. இதோடு சித்திரை, வைகாசி வெயிலையும் நினைக்க வேண்டும். 40 டிகிரியைத் தொடும் நாட்களில் தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் இயந்திரத்தின் பிளாஸ்டிக் மூடியும் ரப்பர் குழாயும் வெகுகாலம் தாங்கா.

இதைவிட முக்கியமானது உப்புத் தண்ணீர். எங்கள் கொல்லைக் குழாயின் வாயில் விரலால் சுரண்டினால் உதிராத அளவுக்கு வெள்ளைப் படிவு இறுகிக் கிடக்கிறது. போர் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரையைக் கெடுத்து, துணியில் சாம்பல் நிறத் திட்டாகப் படிகின்றன. சூடாக்கும் வசதியுள்ள இயந்திரத்தில் அதே உப்பு ஹீட்டர் கம்பியின்மேல் ஓடுபோல் கட்டிக்கொள்கிறது. மாடித் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர் மட்டுமே. கார்ப்பரேஷன் நல்ல தண்ணீர் வருவது கீழே, கொல்லைக்கு நாலெட்டுத் தூரத்தில். கடைசி அலசலுக்கு மட்டுமாவது அதை ஊற்ற முடிந்தால் வெள்ளை வேட்டியின் நிறம் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதை இரண்டு தண்ணீரிலும் துவைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இயந்திரத் தேர்வையும் இதுவே தீர்மானித்தது. முன்கதவு வகை தண்ணீரை மிச்சப்படுத்தும், துணியையும் பதமாகத் துவைக்கும். ஆனால் அதன் கதவு முன்னால் திறப்பதற்கு இடம் விட்டால் 4 அடி அகலத்தில் நிற்க இடமிராது. இரண்டு தொட்டியுள்ள செமி ஆட்டோமேடிக்கில் பக்கத்திலேயே நின்று துணியை மாற்றிப் போட வேண்டும் என்ற சிரமம் இருந்தாலும், குழாய் அழுத்தத்தை எதிர்பார்க்காமல் வாளியால் நல்ல தண்ணீரை ஊற்றலாம், ஒருமுறை கலந்த சோப்புத் தண்ணீரில் அடுத்த ஈடு துணியையும் போடலாம். எங்கள் தண்ணீருக்கு அதுவே பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன்.

துவைக்கல்லைப் பெயர்த்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னதற்கு அம்மா உடன்படவில்லை, நானும் உடன்படவில்லை. சாயம் இறங்கும் புதுச் சுங்குடிச் சேலையை மற்ற துணிகளோடு இயந்திரத்தில் போட முடியாது. சட்டைக் காலரின் அழுக்குக்கும் கல்தான் வேண்டும். ஆகவே கல்லைச் சுவரோரம் நகர்த்தி, தரையைச் சாக்கடைப் பக்கம் சரிவாகப் பூசி, இயந்திரத்தை அரையடி மேடைமேல் ஏற்றினோம்.

கொல்லையின் ஒரே குறை காயப்போடுவது. பிழிந்த துணி பாதி எடைதான் என்றாலும் படியேற்றம் இருக்கத்தான் செய்கிறது. அந்த வேலையை இப்போது நான் எடுத்துக்கொண்டேன். ஐப்பசி அடைமழைக்கென்று கொல்லைக் கூரையின் அடியில் கயிறு இழுத்தால் இறங்கும் இரண்டு கம்பிகளை மாட்டியிருக்கிறோம். பிள்ளைகளின் மறுநாள் சீருடை அதில் காய்ந்துவிடுகிறது.