ஆறு மூக்கொலிகளும் ஓர் அடிக்கோடும்: ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளின் இணைய நூலகம்

1973இல் ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில் இருமொழிக் கல்வி தொடங்கியபோது, பிள்ளைகள் கையில் கொடுக்கத் தாய்மொழிப் புத்தகங்கள் மிகக் குறைவு. யிர்கலா, மிலிங்கிம்பி, யுவெண்டுமு போன்ற ஊர்களில் ஆசிரியர்களும் பெரியவர்களும் கதைகளை எழுதி, படம் வரைந்து, அங்கேயே அச்சிட்டார்கள். திட்டம் நலிந்ததும் பல நூல்கள் அலமாரிகளில் முடங்கின. அவற்றைத் தேடிச் சேர்த்து ஸ்கேன் செய்யும் பணியை 2012இல் சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் பலன்தான் ‘லிவிங் ஆர்கைவ் ஆஃப் அபாரிஜினல் லேங்குவேஜஸ்’ என்ற இணைய நூலகம். ஆயிரக்கணக்கான நூல்கள், பெரும்பாலானவை இலவச பிடிஎஃப்.

மொழியின் பெயரைத் தட்டித் தேடினால் ஏமாற வாய்ப்புண்டு. ஒரே பெயரைப் பலவிதமாக எழுதுகிறார்கள். வரைபடத்தில் ஊரைத் தொட்டு நுழைவது நல்லது. குழப்பம் தீராவிட்டால், ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளைப் பட்டியலிடும் ஆஸ்ட்லாங் தரவுத்தளத்தில் மொழியின் குறியீட்டைப் பார்க்கலாம். யுவெண்டுமுவில் பேசப்படும் வார்ல்பிரி மொழிக்கு சி15.

உண்மையான சிக்கல் எழுத்தில் இருக்கிறது. யிர்கலா, மிலிங்கிம்பி பகுதியில் பேசப்படும் யோல்ஙு மொழிகளில் மூக்கொலிகள் ஆறு. நம் ங, ஞ, ண, ந, ம, ன வரிசையை அப்படியே பக்கத்தில் வைக்கலாம், அவ்வளவு பொருத்தம்! ரோமன் எழுத்தில் இந்த ‘ண’வைக் காட்டுவது ‘என்’ எழுத்தின் கீழுள்ள ஒரு கோடு மட்டுமே. பழைய தட்டச்சுப் பக்கங்களைக் கணினி எழுத்தாக மாற்றும்போது அந்தக் கோடு எளிதில் தொலையும், ‘ண’ ‘ன’வாகிவிடும். வால் வைத்த ‘என்’னாக எழுதப்படும் ‘ங’வும் சிதையக்கூடும். ஆகவே ஒரு சொல்லைக் கோட்டோடும் கோடில்லாமலும் இருமுறை தேடுங்கள். பாடத்துக்கு எடுக்கும் வரியை நகலெடுத்து ஒட்டாமல், ஸ்கேன் பக்கத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள். வார்ல்பிரியில் இந்தத் தொல்லை குறைவு; அங்கே ‘ண’ போன்ற நாவளை ஒலிக்கு முன்னால் ஓர் ‘ஆர்’ சேர்த்து எழுதுவதால் தொலைவதற்குக் கோடே இல்லை.

பெரும்பாலும் எழுத்துப் பிரதிகள்தான். உச்சரிப்பை இதை மட்டும் நம்பிக் கற்பிக்க முடியாது. அந்த மொழி பேசுபவர் ஒருவர் உடனிருந்தே ஆக வேண்டும். பல கதைகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடையாது.

உரிமம் வணிகப் பயன்பாட்டையும் மாற்றி வெளியிடுவதையும் அனுமதிப்பதில்லை. கதையைத் தமிழாக்கி இணையத்தில் போட வேண்டுமானால், முதலில் அந்தச் சமூகத்திடம் கேட்க வேண்டும். கதை அவர்களுடையது; இந்தக் கட்டுப்பாடு முழுக்க நியாயம். இறந்தவர்களின் பெயரும் படமும் வரலாம் என்ற எச்சரிக்கையை, அந்தச் சமூகப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பக்கத்தைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.