மக்களைத் தேடி மருத்துவம்: ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கும் முதியவருக்கு எவ்வளவு பயன்?

சிகிச்சையே வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கும் முதியவரை வீட்டில் வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பங்களுக்காக, தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பற்றிய என் மதிப்பீட்டை எழுதுகிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் இலவசமாக வீடு தேடி வருகின்றன. நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணச் சிகிச்சையும் உண்டு. 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது.

எண்பதைக் கடந்த என் அத்தை, கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் தனியாக வசிக்கிறார். பிரஷர் இருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வச்சிடுவாங்க" என்பதைத் தவிர வேறு பதில் வராது. முதலில் தனியார் செவிலியர் சேவை ஒன்றை ஏற்பாடு செய்தோம். சீருடையில் வந்த பெண், வந்ததும் வராததுமாக அடுக்களையையும் மருந்து டப்பாவையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவே, மறுமுறை அத்தை கதவைத் திறக்கவில்லை.

இத்திட்டத்தின் தன்னார்வலரோ மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண். திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசி முடித்த பிறகே, "கையைக் கொஞ்சம் நீட்டுறீங்களா அத்தை?" என்று கேட்டு, பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். பிரித்துப் பாதியில் விட்டிருந்த பழைய மாத்திரை அட்டையைப் பார்த்து, கடிந்துகொள்ளாமல், ஏன் நிறுத்தினீர்கள் என்று மட்டும் விசாரித்தார். மாத்திரை போட்டால் கணுக்கால் வீங்குகிறது என்று, பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததை அத்தை அவரிடம் சொன்னார். அத்தை போட்டுவந்த, பிரஷருக்கான அம்லோடிபின் மாத்திரைக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு. தகவல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை எட்டியது. அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நாங்கள் வீம்பு என்று நினைத்திருந்ததற்குப் பின்னால் நியாயமான காரணம் ஒன்று இருந்திருக்கிறது. இத்திட்டத்தின் ஆகப்பெரிய பலமாக நான் கருதுவது இந்த விசாரிப்பைத்தான். இலவச மாத்திரைகூட அதற்கு அடுத்தபடிதான்.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். தன்னார்வலர் மருத்துவர் அல்லர். நோயை உறுதிசெய்வதும் மருந்தைத் தீர்மானிப்பதும் மருத்துவரே. ஆகவே இதுவரை எந்தப் பரிசோதனைக்கும் உடன்படாத ஒருவரை முதன்முறை மருத்துவரிடம் காட்டும் சிரமம் குடும்பத்துக்கு அப்படியே இருக்கும். அன்றாடம் மாத்திரை போட்டாரா என்று பார்ப்பதும் நம் வேலைதான். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல் போன்றவற்றுக்கு 108ஐத்தான் அழைக்க வேண்டும். மறதி நோயால் மறுப்பவர்களுக்கு இது போதாது, மனநல அல்லது நரம்பியல் மருத்துவரின் ஆலோசனை தேவை. தெளிந்த புத்தியோடு வேண்டாம் என்பவரை யாரும் வற்புறுத்திச் சிகிச்சைக்கு உட்படுத்த முடியாது. அத்தை கண்புரை அறுவைக்கு இன்னமும் சம்மதிக்கவில்லை, அதை இத்திட்டம் மாற்றிவிடும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

உங்கள் பகுதித் தன்னார்வலர் யார் என்பதைத் துணை சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பழைய மருந்துச்சீட்டு இருந்தால் எடுத்துவையுங்கள். அவர் வரும்போது, முதியவர் சார்பில் நீங்கள் பதில் சொல்லாமல் சற்று விலகியிருங்கள்.