விளக்கை அணைக்கக் காசு கொடுக்காதீர்கள்: ஐரோப்பாவில் புது டீசல் வேன் ஓட்டுபவர்களுக்கு

பிரிட்டனில் வாங்கிய புது டீசல் வேனோடு பிரான்ஸ், ஸ்பெயின் என்று கிளம்புகிறவர்கள் ஏமாறும் விதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வழியில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. கண்ணில் பட்ட முதல் பட்டறையில் வண்டியை விடுகிறார்கள். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி இரண்டு பட்டனை அழுத்துகிறார், விளக்கு அணைகிறது. "சென்சார் கோளாறு, சரி பண்ணியாச்சு" என்று சொல்லி ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார். பில் கிடையாது. நூறு இருநூறு கிலோமீட்டர் போனதும் அதே விளக்கு திரும்ப வருகிறது. அதற்குப் பிறகு கம்பெனி டீலரிடம் போனால், "பழைய பதிவு எதுவும் இல்லை, வெளியாள் கை வைத்த வண்டி, வாரண்டியில் எடுக்க முடியாது" என்கிறார்.

அந்த இரண்டு பட்டனில் விளக்கு மட்டும் போகவில்லை. கோளாறைக் குறிக்கும் எரர் கோடு பதிவான நொடியில் வண்டி என்ன வேகத்தில் ஓடியது, இன்ஜின் சுற்று எவ்வளவு, கூலண்ட் எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்பதையெல்லாம் இன்ஜின் கணினி சேர்த்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்று பெயர். கோடுகளை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். வாரண்டி கேட்டுப் போகிறவருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆகவே யாரையும் தொடவிடுவதற்கு முன் நீங்களே படித்துவிடுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை ஓபிடி சாக்கெட் இருக்கும், ஸ்கேனரைச் செருகும் இடம் அதுதான். மலிவான ஈஎல்எம்327 அடாப்டரும் மொபைலில் ஒரு செயலியும் போதும். ஐபோன் என்றால் வைஃபை அல்லது ப்ளூடூத் 4.0 வகையாகப் பார்த்து வாங்குங்கள், மற்றவை இணையாது. கோடுகள், ஃப்ரீஸ் ஃபிரேம், 'விளக்கு எரிந்தபின் ஓடிய தூரம்', 'கோடுகளை அழித்தபின் ஓடிய தூரம்' ஆகிய திரைகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஓடோமீட்டர் தெரிய டாஷ்போர்டையும் ஒரு படம் எடுங்கள். பட்டறையிலிருந்து வண்டி வந்ததும் கடைசியாகச் சொன்ன தூரத்தை மறுபடி பாருங்கள். அது பூஜ்யத்தில் நின்றால் யாரோ அழித்திருக்கிறார்கள். அது மட்டுமே திருட்டுக்குச் சான்றாகாது, நியாயமாகப் பாகம் மாற்றினாலும் கோடுகளை அழிக்கத்தான் வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாகம் இல்லை, பில்லில் பார்ட் நம்பரும் இல்லை என்றால் அவர் செய்த வேலை அந்த இரண்டு பட்டன்தான்.

சிவப்பு விளக்கு வேறு கதை. ஆயில் பிரஷர் அல்லது சூடு என்றால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள், பேச்சே இல்லை. இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் என்று திருவிழாப் பந்தல் மாதிரி எல்லாம் ஒன்றாக எரிந்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள். மல்டிமீட்டரில் ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 12-க்குக் கீழே போயிருந்தால் கணினிகள் தாறுமாறாகப் பிழை சொல்லும். உள்ளே வீடு மாதிரிக் கட்டி ஃபிரிட்ஜும் இரண்டாம் பேட்டரியும் பொருத்திய கேம்பர் வேன்களில் இது அதிகம். ஏபிஎஸ் யூனிட்டை மாற்றச் சொல்கிறவரிடம் முதலில் வோல்டேஜ் எவ்வளவு என்று கேளுங்கள்.

பெரிய பணம் போவது ஆட்புளூவில். ஊரில் டெஃப் என்கிறோமே, டீசல் புகையைச் சுத்தமாக்கத் தனி டேங்கில் ஊற்றும் அதே யூரியாக் கரைசல்தான். திரவம் குறைந்தது என்ற எச்சரிக்கையும், சிஸ்டத்தில் கோளாறு என்ற எச்சரிக்கையும் வேறு வேறு. முதலாவதற்கு ஊற்றினால் போதும். இரண்டாவது வந்தால், பெஜோ, சிட்ரோன் போன்ற வேன்களில் கோளாறு உறுதியானபின், இன்னும் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று டாஷ்போர்டில் காட்டும் எண் 1,100 கிலோமீட்டரிலிருந்து இறங்கத் தொடங்கும். பூஜ்யம் ஆனபின் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நடுவழியில் நிற்காது, ஆனால் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பட்டறைக்காரருக்கு இது தெரியும். "நாளைக்கு வண்டி நின்றுவிடும்" என்று அவசரப்படுத்துவது அதனால்தான். எண் எவ்வளவு பாக்கி என்று பார்த்துவிட்டு, அந்தத் தூரத்துக்குள் இருக்கும் கம்பெனி வேன் சர்வீஸுக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.

திரவம் சுத்தமாகத் தீர்ந்து நின்ற வண்டிக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு லிட்டர் ஊற்றினால் லெவல் சென்சார் கண்டுகொள்ளாது, ஐந்து லிட்டருக்குக் குறையாமல் ஊற்ற வேண்டும். ஊற்றியபின் ஓட்டுநர் கதவைத் திறக்காமல், சாவியைத் தொடாமல் ஐந்து நிமிடம் விட்டு, பிறகு இக்னிஷனை மட்டும் போட்டு பத்து விநாடி கழித்து ஸ்டார்ட் செய்யச் சொல்கின்றன சில கையேடுகள். இதைச் செய்து பார்க்காமலே பம்ப்போடு டேங்கையும் மாற்ற எஸ்டிமேட் போடுவார்கள். பம்ப், ஹீட்டர், லெவல் சென்சார் எல்லாம் டேங்கோடு ஒரே யூனிட்டாக வரும் வண்டிகளில் பம்ப் உண்மையிலேயே போனால் முழு யூனிட்டும் மாறுவது நிஜம்தான். ஆனால் புது வண்டியில் அது வாரண்டி வேலை, உங்கள் பையிலிருந்து போக வேண்டியதில்லை. "மட்டமான ஆட்புளூ ஊற்றியிருக்கிறீர்கள்" என்று மறுத்தால், டேங்கிலிருந்து ஒரு துளி எடுத்து, கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஐஎஸ்ஓ 22241 தரப்படி யூரியா 31.8 முதல் 33.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தவறிப்போய் டீசல் டேங்கில் ஆட்புளூ விழுந்துவிட்டால் மட்டும் இக்னிஷனைக்கூடப் போடாதீர்கள்.

அடுத்தது டிபிஎஃப், அதாவது டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர். பி2463, பி2002 போன்ற கோடுகளைக் காட்டி "ஃபில்டர் அடைத்துவிட்டது, புதுசு போடணும்" என்பார்கள். ஃபில்டரில் சேர்வது இரண்டு: எரித்துவிடக்கூடிய கரி, எரியாத சாம்பல். சாம்பலால் நிரம்ப ஒரு லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு ஓட வேண்டும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வேனில் சாம்பலால் அடைக்க வழியே இல்லை. ஊருக்குள் குட்டிக் குட்டியாக ஓட்டி, வண்டி தானே கரியை எரிக்கும் சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோய்க் கரி சேர்ந்திருக்கலாம். அல்லது பிரஷர் சென்சாரோ அதன் ரப்பர் குழாயோ கெட்டிருக்கலாம். கரி அளவு, சாம்பல் அளவு, ஐடிலில் பிரஷர் வித்தியாசம் மூன்றையும் ஸ்கேனர் திரையில் காட்டச் சொல்லுங்கள். விளக்கு மட்டும் எரிந்து, லிம்ப் மோடுக்கு (கணினி இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும் நிலைக்கு) போகாத வண்டியை நெடுஞ்சாலையில் 2,000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம் விடாமல் ஓட்டினாலே பல நேரம் தானாக எரிந்துவிடும். அதற்கு டீசல் கால் டேங்குக்கு மேல் இருக்க வேண்டும். ஆயில் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். பாதியில் நின்ற சுத்திகரிப்புகளால் டீசல் ஆயிலில் இறங்கி மட்டம் உயர்ந்திருந்தால் ஓட்டாதீர்கள், முதலில் ஆயில் மாற்றுங்கள். டிபிஎஃப்பை வெட்டி எடுத்து மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்பவரிடம் நிற்கவே வேண்டாம். வாரண்டியும் போகும், எம்ஓடி எனும் பிரிட்டன் வாகனப் பரிசோதனையிலும் தேறாது.

கேம்பர் வேன் வாங்கியவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். இன்ஜினோடு வந்த அடி வண்டிக்கு ஒரு வாரண்டி, உள்ளே வீடு கட்டிய கம்பெனியின் வேலைக்கு இன்னொன்று. அடி வண்டி கட்டுகிறவர் யார்டில் மாதக்கணக்கில் நின்றிருக்கும். விற்ற டீலர் வாரண்டி தொடங்கும் தேதியைக் கணினியில் ஏற்றாமல் விட்டிருந்தால், ஸ்பெயினில் உள்ள டீலர் திரையில் உங்கள் வண்டிக்கு வாரண்டியே தெரியாது. கிளம்புமுன் விற்றவரிடம் அதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வண்டியை நிறுவனப் பெயரில் அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வாங்கியிருந்தால், பிரிட்டனின் 2015 நுகர்வோர் சட்டப்படி முதல் 30 நாளுக்குள் குறையுள்ள வண்டியைத் திருப்பித் தர உரிமை உண்டு. ஆகவே விளக்கு எரிந்த அன்றே ஸ்கிரீன்ஷாட்டுகளோடு விற்ற டீலருக்கு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். ஊர் திரும்பியபின் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த 30 நாள் ஓடிவிடும்.

பிரான்ஸ் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் உங்கள் பிரேக்டவுன் கம்பெனி நேராக வர முடியாது. ஆரஞ்சு நிற எஸ்ஓஎஸ் பெட்டி அல்லது 112 மூலம் அங்கீகாரம் பெற்ற இழுவை வண்டிதான் வரும். கட்டணம் அரசு நிர்ணயித்தது. மாலை 6 முதல் காலை 8 வரையும் வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் 50 சதவீதம் கூடுதல். அதற்கு மேல் கேட்டால் கட்டண அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதை வைத்திருந்து உங்கள் பிரேக்டவுன் காப்பீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஸ்பெயினில் 1986-ஆம் ஆண்டின் 1457-ஆம் அரசாணை உங்கள் பக்கம். எழுத்து எஸ்டிமேட் கேட்கலாம், அது 12 வேலை நாள் செல்லும். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கலாம். செய்த வேலைக்கு மூன்று மாதம் அல்லது 2,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு, தொழில் வாகனங்களுக்குப் பதினைந்து நாள்தான். 'ஓஹா தே ரெக்லமாசியோனெஸ்' எனும் புகார்ப் படிவம் ஒவ்வொரு பட்டறையிலும் இருந்தாக வேண்டும். ஆனால் கூலி வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ள அவர்களுக்கும் சட்ட உரிமை இருப்பதால் சாவிக்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. படிவத்தை நிரப்பி, விவரமான பில் வாங்கி, பிரிட்டிஷ் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். டெபிட் கார்டு வேண்டாம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையுள்ள தொகை என்றால் 1974 கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் அந்த வங்கியிடமே பணத்தைக் கேட்கலாம், வாங்கியது வெளிநாட்டில் என்றாலும்.