பிளானர் ஏபிஐ: எரர் வந்தால் சந்தோஷப்படுங்கள்

டீம் வேலைகளைப் பட்டியலிட்டுப் பங்கிடும் மைக்ரோசாஃப்ட் பிளானரில் இருக்கும் டாஸ்க்குகளை ஸ்கிரிப்ட் வழியாக மாற்ற, மைக்ரோசாஃப்ட் சேவைகளோடு புரோகிராம்கள் பேசுவதற்கான வழியான கிராஃப் ஏபிஐயைக் கொஞ்ச நாளாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன். எங்கள் டீமுக்கு அதைப் பற்றி ஒரு வழிகாட்டி எழுதும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அதனால் இந்த விமர்சனம் ஏபிஐக்கும் அதன் டாக்குமெண்டேஷனுக்கும் சேர்த்து.

இதற்கு முன்னால் வேறொரு டூல் வைத்திருந்தோம், பேர் வேண்டாம். அதில் ஒரு டாஸ்க்கில் எதை மாற்றினாலும் முழு ரெக்கார்டையும் திருப்பி அனுப்ப வேண்டும். என் ஸ்கிரிப்ட் காலை ஒன்பதுக்கு எல்லாவற்றையும் படித்து வைத்துக்கொள்ளும், ஒன்பதரைக்கு எழுதும். அந்த அரை மணி நேரத்துக்குள் டெஸ்டிங் பார்க்கிற அக்கா ஒரு டாஸ்க்கின் கடைசித் தேதியை வெள்ளியிலிருந்து முன்னால் புதனுக்கு இழுத்திருக்கிறார். என் ஸ்கிரிப்ட் வந்து பழைய வெள்ளியையே அதன் மேல் எழுதிவிட்டது. எரரும் இல்லை ஒன்றும் இல்லை, 200 ஓகே என்று பச்சையாகக் காட்டியது. புதன் சாயங்காலம் அவர் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து "நான் மாத்தினேனே தம்பி" என்று நின்றபோதுதான் விஷயமே தெரிந்தது.

பிளானர் ஏபிஐயில் இப்படிச் சத்தமில்லாமல் அழிப்பது அவ்வளவு சுலபமில்லை. ஒவ்வொரு டாஸ்க்கோடும் ஈடேக் என்று ஒரு பதிப்பு அடையாளம் வரும். மாற்றவோ அழிக்கவோ போனால், கோரிக்கையோடு போகும் தகவல் வரிகளில் (ஹெடர்) இஃப்-மேட்ச் என்பதில் அதை வைத்தே ஆக வேண்டும். விருப்பமிருந்தால் வை என்று விடாமல் கட்டாயமாக்கியிருப்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் தெரியாமல் அழிக்கும் இந்தச் சிக்கல் ஒன்றும் புதிதல்ல, 1999லேயே இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டிருக்கிறது. மாற்றம் போவது பேட்ச் என்ற பகுதி மாற்றக் கோரிக்கையாக என்பதால் நீங்கள் அனுப்பும் புலம் மட்டும்தான் மாறும். ஒருவரை டாஸ்க்கிலிருந்து எடுக்க அவருடைய ஐடிக்கு நேராக நல் (null, வெற்று மதிப்பு) போட்டால் போதும், மற்றவர்கள் அப்படியே இருப்பார்கள்.

ஆனால் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகிற வரி ஒன்று பிளானர் ஓவர்வியூ பக்கத்தில் இருக்கிறது. பழைய ஈடேகோடு போனாலும், உங்கள் மாற்றம் அதற்குப் பிறகு வந்த மாற்றங்களோடு மோதவில்லை என்றால் ஏற்றுக்கொள்ளப்படும்! அதாவது அக்கா தேதியை மாற்றியிருக்கிறார், நான் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் மாற்றுகிறேன், இரண்டும் நிற்கும். நானும் தேதியிலேயே கை வைத்தால்தான் பதிப்பு மோதலைச் சொல்லும் எரர் எண்களான 409 அல்லது 412 வரும். அப்படி வந்தால் புதிதாகப் படித்து, மோதலைத் தீர்த்துவிட்டு, பிறகு அனுப்பச் சொல்கிறது டாக்குமெண்டேஷன். இந்த நடுவில் உள்ள வேலையைத்தான் எல்லோரும் முழுங்கிவிடுகிறார்கள். 412 வந்ததும் புது ஈடேக்கை எடுத்து அதே தேதியை மறுபடி திணிக்கிற லூப்பை நானே முதலில் எழுதினேன், அது பூட்டை மாட்டிவிட்டு சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை. இப்போது என் ஸ்கிரிப்ட் முதலில் படித்த மதிப்பையும் கையில் வைத்துக்கொள்கிறது. அந்தப் புலத்தை இடையில் வேறு யாராவது மாற்றியிருந்தால் எழுதாமல் ஒதுங்கிக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புகிறது.

தடுக்கி விழ வாய்ப்புள்ள இடங்களும் உண்டு. விளக்கக் குறிப்பும் செக்லிஸ்ட்டும் டாஸ்க்கில் இருக்காது, டீடெயில்ஸ் என்று தனி ரெக்கார்டு, அதற்குத் தனி ஈடேக். டாஸ்க்கின் ஈடேக்கை அங்கே காட்டினால் வேலைக்காகாது. வெற்றிகரமாக மாற்றினால் வழக்கமாக 204 என்ற பதில் எண் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது, புது ஈடேக்கும் இருக்காது. ப்ரிஃபர் ஹெடரில் 'ரிட்டர்ன்=ரெப்ரசென்டேஷன்' என்று கேட்டால் 200 போட்டு மாறிய டாஸ்க்கையே திருப்பித் தரும். அடுத்தடுத்து இரண்டு மாற்றம் செய்பவர்கள் இதை மறக்க வேண்டாம். அப்புறம் ஈடேக்கை ஜேசனிலிருந்து (ஏபிஐ பதில் வரும் டெக்ஸ்ட் வடிவம்) அப்படியே காப்பி செய்தால் மேற்கோள் குறிக்கு முன்னால் இருக்கும் பின்சாய்கோடும் கூடவே வந்துவிடும். அதை நீக்காமல் அனுப்பி ஒரு மதியம் முழுக்க 400 (கோரிக்கை தவறு) என்ற எரரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது முழுக்க என் தப்பு.

டாக்குமெண்டேஷனைப் பொறுத்தவரை, அப்டேட் பக்கத்தில் எந்தப் புலத்தை மாற்றலாம், எந்த ஹெடர் வேண்டும், எந்த எரர் வரும் என்று எல்லாம் சுருக்கமாக இருக்கிறது. அங்கிருக்கும் மாதிரியைக் காப்பியடித்து ஓட்டினால் ஓடும். ஆனால் நேராக அங்கே போகாதீர்கள், ஓவர்வியூவைப் படித்துவிட்டுப் போங்கள், வரிசை தலைகீழானால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

என் கணக்கில் ஏபிஐக்கு ஐந்துக்கு நான்கு, டாக்குமெண்டேஷனுக்கு மூன்றரை. ஏபிஐயை விட டாக்குமெண்டேஷனுக்குக் குறைந்த அரை மதிப்பெண், டாஸ்க்குகளின் வரிசையைத் தீர்மானிக்கும் ஆர்டர் ஹிண்ட் என்ற எழுத்துச் சரத்துக்காக. இரண்டு டாஸ்க்குகளுக்கு நடுவில் ஒன்றைச் செருக, முன்னால் இருப்பதன் ஹிண்ட், ஒரு இடைவெளி, பின்னால் இருப்பதன் ஹிண்ட், கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி, இதுதான் விதி. அந்த ஒரு இடைவெளி கண்ணுக்கே தெரியாது. எங்கள் வழிகாட்டியில் அந்த இடத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு கட்டம் வரைந்து வைத்திருக்கிறேன்.