ஓலைக் கொட்டானா, வயர் கூடையா, நார்ப்பெட்டியா?

மீன் வாங்கவும் சந்தைக்குப் போகவும் எங்கள் வீட்டில் இப்போது கைக்கு வருவது பனை நார்ப்பெட்டிதான். ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம் சொல்லி முடைந்து வாங்கியது. பனையோலையில் முடைந்த சிறு பெட்டியான ஓலைக் கொட்டானும் பிளாஸ்டிக் வயர் கூடையும் அதற்கு முன்பிருந்தே வீட்டில் புழங்குகின்றன. மூன்றையும் கையாண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். நார்ப்பெட்டிப் பக்கம் சாய்ந்துதான் எழுதப்போகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலை, அழகு, கனம் மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடலாம். அழகில் ஓலைக் கொட்டானை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. கனமில்லாததும் அதுதான். விலை குறைவு வயர் கூடைக்கு. நார்ப்பெட்டி பார்வைக்கு முரடு, கூலியும் கூடுதல். துணிப்பையை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லி அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிய பிறகு பல வீடுகளில் ஒன்றிரண்டு பை கிடக்கிறது. கத்தரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் அது போதும், மீனுக்கும் நண்டுக்கும் ஆகாது.

வயர் கூடையை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதுவும் கைவேலைதான். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று எத்தனை வகை! வயரை அளந்து வெட்டி, அடி போட்டு, மூலை திருப்பி மேலேற்றுவதற்குள் ஒரு கண்ணி தவறினால் எல்லாம் கோணிவிடும். உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது. மீன் தண்ணீர் கண்ணி வழியே வடிந்துவிடும், ஒரு வாளித் தண்ணீரில் கழுவினால் வேலை தீர்ந்தது. ஆனால் நண்டு வாங்கிப் பாருங்கள், கொடுக்கு கண்ணியில் மாட்டிக்கொண்டு கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதைவிடப் பெரிய குறை வெயில். நம் ஊர் வெயிலில் சைக்கிளில் தொங்கித் தொங்கி வயர் வெளுத்து விறைத்துப்போகும். கைப்பிடி சேரும் இடத்தில்தான் முதலில் விடும். ஓர் இழை அறுந்தால் வேறு இழை கோத்துவிடலாம். மொத்தமும் விறைத்த பிறகு எதை என்று மாற்றுவது?

ஓலைக் கொட்டான் குருத்தோலையில் முடைவது. ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்து காயவைப்பார்கள். நிறம் வேண்டுமென்றால் சாயத்தில் கொதிக்க வைப்பார்கள். அடி சதுரமாகத் தொடங்கும், வாய் வட்டமாக முடியும். கருப்பட்டிக்கும் பலகாரத்துக்கும் விசேஷ வீட்டுத் தட்டுக்கும் அதுபோல வேறில்லை. ஈரம் மட்டும்தான் அதற்குப் பகை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது பராமரிப்புதான். வருஷத்தில் பெரும்பகுதி நம் மாவட்டம் வறண்டுதான் கிடக்கும், அப்போது எந்தப் பெட்டியும் தாங்கும். சோதனை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. நாலு நாள் வெயில் இல்லாமல் கடல் ஈரமும் சேர்ந்துகொண்டால் கொட்டானில் பூஞ்சணம் பிடிக்கும். நெருக்கமான பின்னலும் மடிப்பும் அதன் அழகு. அந்த மடிப்புக்குள் போன ஈரம்தான் வெளியே வருவதில்லை. துடைத்தால் மேலே போகும், உள்ளே கரும்புள்ளி நின்றுவிடும். பிறகு அந்த இடம் தொட்டாலே பொடியும்.

நார்ப்பெட்டியிலும் பூஞ்சணம் வராமல் இல்லை. ஆனால் நார் தடிமனானது, இழைக்கு இழை காற்று போகும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவைத்தால் ஒரு வெயிலில் காய்ந்துவிடும். எனக்குப் பெட்டி முடைந்து தந்த அக்கா சொன்னது இவ்வளவுதான்: “மழைக்குக் கட்டிலுக்கு அடியில தள்ளிறாதம்மா. அடுப்படிப் பக்கம் தொங்க விட்ரு, புகை பட்டா நல்லதுதான்.” எங்கள் வீட்டில் விறகடுப்பு இல்லை. கேஸ் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி ஆணியில் தொங்குகிறது, அதுவே போதுமானதாக இருக்கிறது.

இந்த உறுதி பனை மட்டையிலிருந்து வருகிறது. ஓரத்தில் ரம்பப் பல்போல இருக்கும் கருக்கைச் சீவிவிட்டு, பச்சை மட்டையைப் பிளந்து, அகணி என்கிற உள்பக்கத்தை நாராக உரிக்கிறார்கள். உரித்த நாரில் ஒட்டியிருக்கும் சோற்றை, அதாவது மெத்தென்ற சதையை, கத்தியால் வழித்து எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அழுத்தத்துக்கு ஓர் அளவு உண்டு, அதற்கு மேல் போனால் நார் அறுந்துவிடும், குறைந்தால் சோறு நின்றுவிடும். சோறு சரியாகப் போகாத நாரில்தான் பின்னால் பூச்சியும் பூஞ்சணமும் வரும் என்றார் அக்கா. பின்னும்போது நாரை நனைத்து நனைத்துத்தான் வளைக்கிறார். காய்ந்ததும் பெட்டி கல்லாக இறுகிவிடுகிறது.

பெட்டி முதலில் தேய்வது விளிம்பில். அங்கே தடித்த நாரை வைத்துச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கட்டு தளர்ந்தால் பெட்டி முழுவதும் வாய் பிளக்கும். அந்தக் கட்டை மட்டும் பிரித்துப் புது நாரால் கட்டலாம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். எங்கள் பெட்டிக்கு ஒருமுறை அப்படி மாற்றியாயிற்று. கட்டியவர் அதே அக்கா, செலவு புதுப் பெட்டி விலையில் சிறு பங்குதான். அடியும் சுவரும் அசையவில்லை.

மரத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. குருத்தைத் தொடர்ந்து எடுத்தால் பனை தளரும். மட்டை அப்படியல்ல. பனை ஏறுகிறவர்கள் மரத்தைச் சுத்தம் செய்யும்போது கழிக்கிற முதிர்ந்த ஓலையோடு வருவது. பனை நம் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். வெட்டாமல் காப்பதோடு, நிற்கிற மரத்தால் நாலு பேருக்கு வருமானமும் வர வேண்டும். அதற்கு நார் வேலை உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2019 ஜனவரி 1 முதல் வந்த பிளாஸ்டிக் தடை ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பொருள்களுக்கானது, வயர் கூடையைத் தொடவில்லை. அதில் தவறு இல்லை. இருந்தாலும் விறைத்து நொறுங்கிய கூடை கடைசியில் போகிற இடம் எது என்று கடற்கரையில் நடந்தாலே தெரியும். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், பவளப்பாறை, கடற்பசு மேயும் கடல்புல். 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிற மன்னார் வளைகுடாக் கடல் இது. அதன் கரையில் இருந்துகொண்டு, மட்கிப்போகிற பெட்டியை விட்டு மட்காததை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் அனுபவம் ஒரு வீட்டுச் சாமான் அளவுதான். தலைச்சுமையாக மீன் விற்கிறவர்களுக்கு நார்ப்பெட்டி இன்றைய அலுமினியச் சட்டியைவிட வசதியா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாடி வீட்டில், வெயிலே விழாத பால்கனியோடு இருக்கிறவர்களுக்கு வயர் கூடையே தோது. பலகாரம் கொடுத்தனுப்ப வேண்டுமென்றால் கொட்டானை விட்டு வேறெதையும் தேடாதீர்கள்.

நார்ப்பெட்டி வாங்குவதென்றால் கடையில் அடுக்கியதை எடுக்காமல், முடைகிறவரிடம் அளவு சொல்லிவிட்டு வாருங்கள். எத்தனை கிலோ தூக்கப் போகிறீர்கள், மீனுக்கா காய்க்கா என்று சொன்னால் நாரின் தடிமனை அவரே முடிவு செய்வார். வாங்கும்போது விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கட்டு நகரக் கூடாது. உள்பக்கம் விரலால் தடவினால் சொரசொரப்பு இருக்கும், பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. விளிம்பு மாற்ற எப்போது கொண்டுவரலாம் என்று அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.