அனிமேஷன் திரைக்கதைப் பட்டம் என்று நம்பிச் சேர்ந்தேன்

பிளஸ் டூ முடித்துவிட்டு அனிமேஷனுக்குக் கதை எழுதப் படிக்கலாம் என்றிருப்பவர்களுக்கும், அவர்களுக்காகப் பணம் கட்டப்போகிற பெற்றோருக்கும் இது. கல்லூரியின் பெயரை எழுதவில்லை. விசாரித்தபோது வேறு பெயர்களிலும் இதே கதையைக் கேட்டேன்.

எனக்கு வரைய வராது, எழுத வரும். 2021இல் ஒரு நோட்டீஸில் ‘பி.எஸ்சி. அனிமேஷன், திரைக்கதைச் சிறப்புப் பிரிவு’ என்று பார்த்ததும் எனக்காகவே அச்சடித்தது போலிருந்தது. கரூரிலிருந்து அப்பாவும் நானும் இரவு பஸ் ஏறிச் சென்னை வந்தோம். துணிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி, கண்ணாடி அறை, நல்ல ஏசி. அட்மிஷன் மேடம் அப்பாவிடம், “சார், வரையறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. எழுதறதுக்குத்தான் ஆளே இல்ல. பொண்ணு சரியான நேரத்துல வந்திருக்கா” என்றார். ஆண்டுக்கு 1,65,000 ரூபாய். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். பி.எஃப். பணத்தில் கை வைத்தார். சேர்ந்த அன்றே என்னை ஒரு டிராயிங் டேப்லெட் முன்னால் உட்காரவைத்து போட்டோ எடுத்தார்கள். அந்தப் பேனாவை எப்படிப் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

முதல் ஆண்டு முழுக்க மென்பொருள்தான். எழுத்துக்கென்று ஒரே ஒரு பேப்பர். அதற்கு வந்த சார் குறும்படம் எடுத்தவர், நல்ல மனிதர், அனிமேஷன் பக்கம் போனதில்லை. சினிமாக் கதையை மூன்றாகப் பிரிப்பது, இடைவேளையில் எந்தத் திருப்பத்தை வைப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். பதினொரு நிமிடக் கார்ட்டூன் எபிசோடில் இடைவேளைக்கு எங்கே போவது? நான் எழுதிக் கொடுத்த கதையின் ஓரத்தில் ‘நல்ல நடை’ என்று சிவப்பு மையில் எழுதித் தந்தார்.

அந்தக் கதையைத்தான் இரண்டாம் ஆண்டு விடுமுறையில் கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். இன்டர்ன்ஷிப்பையும் நானேதான் தேடிக்கொண்டேன். கதையைக் காட்சி காட்சியாக வரைந்து ஸ்டோரிபோர்டு போடும் அக்கா ஒருவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். ‘ஊரே திரண்டு வருகிறது’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். “இத யார்ம்மா வரையறது?” என்று கேட்டுவிட்டு, பேப்பரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 12 படம். மூன்று விநாடிக்கு 36. ஒவ்வொன்றிலும் முப்பது பேர், ஒவ்வொருவருக்கும் தனி முகம், தனி உடை. “கதவு ஆடுது, வெளியே சத்தம் கேக்குது, பாட்டி முகம் மாறுதுன்னு எழுது. ஊரு வந்தாச்சு” என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: ‘அவன் தயங்குகிறான்’ என்று எழுதி நடிகரிடம் விடுகிற மாதிரி இங்கே விட முடியாது, எப்படித் தயங்குகிறான், கை என்ன செய்கிறது என்பதையும் எழுத்திலேயே யோசித்திருக்க வேண்டும். இரண்டு வருடக் கட்டணத்தில் கிடைக்காதது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கிடைத்தது.

இது மட்டும் என்றால் மோசமான கல்லூரி என்று விட்டிருப்பேன். முதல் ஆண்டு மதிப்பெண் பட்டியல் எட்டு மாதம் தாமதமாக வந்தது. அதில் வட மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர். படிப்பு ‘பி.எஸ்சி. மல்டிமீடியா’. திரைக்கதை என்ற சொல்லே எங்கும் இல்லை. கேட்டால், “யூஜிசி லிஸ்ட்ல இருக்கு, நீங்களே பாருங்க” என்றார்கள். யூஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலைப் பார்த்தேன், பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. சூட்சுமமே அதில்தான். பல்கலைக்கழகம் நிஜம், ஆனால் துணிக்கடை மாடிக்கும் அதற்கும் சட்டப்படி எந்த ஒட்டுறவும் கிடையாது. மாநிலச் சட்டத்தின்கீழ் வந்த தனியார் பல்கலைக்கழகம் வெளிக் கல்லூரிகளை இணைத்துக்கொள்ள முடியாது. யூஜிசி அனுமதியில்லாமல் வேறிடத்தில் மையமும் நடத்த முடியாது. யூஜிசியின் 2003ஆம் ஆண்டு விதிமுறையிலேயே இருக்கிறது. நாங்கள் யாரும் படித்ததில்லை, அவ்வளவுதான்.

விலகுகிறேன் என்றதும் மீதி ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டினால்தான் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டி.சி.யும் கிடைக்கும் என்றார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்ற யூஜிசியின் 2018 அறிவிப்பை பிரின்ட் எடுத்து, கூடவே ஒரு கடிதமும் எழுதி அப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாளில் கையில் கொடுத்துவிட்டார்கள். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

சேருவதற்கு முன் நோட்டீஸை நம்பாதீர்கள். பட்டம் தரப்போகிற பல்கலைக்கழகத்தின் தளத்தில் பாடத்திட்டத்தை எடுத்து, எழுத்துக்கு எத்தனை பேப்பர் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் சேரப்போகிற கல்லூரி இணைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள். முன்பு படித்துவிட்டுப் போன மாணவர் ஒருவரின் மதிப்பெண் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அங்கிருந்தே கிளம்பிவிடுங்கள். தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட நிறுவனத்தில் அனிமேஷன் பட்டப்படிப்பு இருக்கிறது, கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்தில் அனிமேஷன் சினிமாவுக்கே தனித்துறை உண்டு, ஆனால் அதில் சேர ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்திருக்க வேண்டும். இடம் கிடைப்பது கஷ்டம், ஆனால் தரமணியில் முயன்று பார்க்காமலே நான் மூன்றாம் மாடி ஏறினேன்.

போன மாதம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். வாசலில் புது ஃபிளெக்ஸ். டேப்லெட் பேனாவைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கீழே ‘எங்கள் வெற்றி மாணவி’. போன் செய்து எடுக்கச் சொன்னேன். “இந்த வருஷத்துக்கு அடிச்சாச்சும்மா, அடுத்த வருஷம் மாத்திடறோம்” என்றார் அதே மேடம்.