காட்டு ஹாலிஹாக் வளர்க்க: ருகோசாவா, இலியம்னாவா?

தோட்டங்களில் வழக்கமாகப் பார்க்கும் ஹாலிஹாக், அதாவது ஆல்சியா ரோசியா, ஆள் உயரம் தாண்டி வளர்ந்து பிரமாதமாகப் பூக்கும். ஆனால் கோடை முடிவதற்குள் அடி இலைகளின் பின்புறம் ஆரஞ்சுக் கொப்புளங்கள் வந்துவிடும். துருநோய். தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குள் நுழைந்த பூஞ்சை அது. இலையைப் பறித்துப் போட்டும் மருந்தடித்தும் சலித்துப்போனவர்கள்தான் பெரும்பாலும் காட்டு ஹாலிஹாக்கைத் தேடி வருகிறார்கள். அப்படி வந்தால் அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சுபாவம் கொண்ட இரண்டு செடிகள் கிடைக்கும்.

ஒன்று ஆல்சியா ருகோசா. உக்ரைன், தெற்கு ரஷ்யா, காக்கசஸ் பகுதிகளின் புல்வெளிச் செடி. சுருக்கம் விழுந்த சொரசொரப்பான இலை, வெளிர் மஞ்சளில் பெரிய பூ, ஆறடிக்கு மேல் உயரம். மற்றது இலியம்னா ரிவுலாரிஸ். இது வட அமெரிக்காவின் மேற்குப் பக்க மலைகளில், ஓடைக்கரைகளிலும் காடு எரிந்த சரிவுகளிலும் முளைப்பது. மேப்பிள் போன்ற இலை, இளஞ்சிவப்புப் பூ, ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பிப் புதர் மாதிரி நிற்கும். செம்பருத்தியும் துத்தியும் சேர்ந்த குடும்பம்தான் இரண்டும், பேரினம் வேறு.

உண்மையான வித்தியாசம் விதையில் இருக்கிறது. ருகோசா விதையை மண்ணில் தூவி, மேலே லேசாக மண் போட்டு ஈரம் காத்தால் போதும், இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும். இலியம்னா அப்படி மசியாது. அதன் விதையுறை நீரையே உள்ளே விடாது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, காட்டுத்தீயின் சூட்டில் உறை விரிசல் விட்ட பிறகுதான் விழிக்கும். வீட்டில் தீக்குப் பதில் வெந்நீர். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி விதைமேல் ஊற்றி, தானாக ஆறும்வரை இரவு முழுக்க அப்படியே விட வேண்டும். காலையில் உப்பியிருக்கும் விதைகளை விதைக்கலாம். உப்பாததற்கு இன்னொரு முறை வெந்நீர். விதையை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடக் கூடாது, வெந்துவிடும். வெந்நீருக்குப் பயமாக இருந்தால் உப்புத்தாளில் உறை சற்றே தேயும்வரை உரசலாம், நேரம்தான் பிடிக்கும். அப்புறம், காய்களை உடைக்கும்போது கையுறை அவசியம். அதன் முரட்டு ரோமங்கள் தோலில் குத்தி அரிப்பு தரும்.

மண் விஷயத்தில் ருகோசாவுக்கு வெயிலும் வடிகாலும் இருந்தால் சரி. ஆணிவேர் ஆழமாகப் போவதால் வறட்சியைத் தாங்கும், அதே காரணத்தால் வளர்ந்த செடியை இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும். நாற்று சின்னதாக இருக்கும்போதே நிரந்தர இடத்தில் வைத்துவிட வேண்டும். முதல் வருடம் இலை மட்டும், இரண்டாம் வருடம் பூ. துருநோய் அறவே வராது என்று விற்பவர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். ரோசியாவைவிட நன்றாகத் தாங்கும், அவ்வளவுதான். இலியம்னாவுக்கும் வெயில் வேண்டும், கூடவே வேர்ப்பகுதியில் கொஞ்சம் ஈரமும் வேண்டும். தீக்குப் பிறகு சரிவையே நிறைத்துப் பூக்கும் இந்தச் செடி, மரங்கள் வளர்ந்து நிழல் கட்டினால் மெல்ல மறைந்துவிடும். அதனால் மரத்தடியில் வைப்பது வீண். குளிர்காலமே வராத ஊரில் இரண்டையுமே நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் ஓட்டு? முதன்முறை வளர்ப்பவருக்கு ருகோசா, யோசிக்கவே வேண்டாம். பொறுமையும் ஈரமான வெயில் மூலையும் இருப்பவருக்கு இலியம்னா. அழகில் எனக்கு இலியம்னாவே ஒரு படி மேல். ருகோசாவின் ஒற்றைத் தண்டுகளுக்குக் காற்றில் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இலியம்னா பக்கம் போகிறவர்கள் அதன் உறவினங்களையும் தெரிந்துகொள்வது நல்லது. இலியம்னா ரிமோட்டாவை 1872இல் இல்லினாய் மாநிலத்தில், கங்ககீ ஆற்றிலுள்ள லாங்கம் தீவில் கண்டுபிடித்தார்கள். வர்ஜீனியாவின் பீட்டர்ஸ் மலையில் 1927இல் கண்ட இலியம்னா கோரேய் அதைவிட அரிது; கண்டபோதே சுமார் 50 செடிகள்தான். 1986இல் அமெரிக்க அரசு அதை அழியும் இனப் பட்டியலில் சேர்த்தது. இதற்கும் மண்ணுக்குள் தூங்கிய விதைகளைத் தீ வைத்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஆகவே எந்த இலியம்னாவானாலும் நர்சரியில் வளர்த்தெடுத்த விதையாகவே வாங்குங்கள், காட்டில் பறித்தது வேண்டாம். ருகோசா விதையை ரோசியா பூக்கும் தோட்டத்தில் சேகரிக்காதீர்கள். ஆல்சியா இனங்கள் சுலபமாகக் கலப்பவை, அடுத்த தலைமுறையில் மஞ்சள்தான் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.